சிற்றினம்

ஊசியைச் செருகியதும் முள்ளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. கடல் முள்ளெலிக்கு வலிக்காதா என்று யாராவது கேட்டால் மரகதம் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு, மூளை என்று தனியாக ஒன்று இல்லாத பிராணி, நமக்கு வலிக்கிற மாதிரி அதற்கு வலிக்காது என்று. ஆனால் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி சொக்கலிங்கம் அதைக் கேட்கவில்லை. மதுரையிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு மண்டபம் வரை அவன் வந்தது முள்ளெலியைப் பற்றிக் கேட்பதற்கு அல்ல. சனிக்கிழமை மத்தியானம், ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளியைத் தவிர ஆள் கிடையாது, தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பம்பின் சத்தம் மட்டும் சுவருக்குள்ளிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தது. காலையில் படகில் போய் எடுத்து வந்த பிராணிகள், இன்றைக்கு விட்டால் நாளைக்கு இவை உதவாது, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னது உண்மைதான், முழு உண்மை இல்லை. இவன் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் பாதியை அள்ளிக் கடலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பாள். வேலையை முடி, நான் இருக்கேன் என்று அவனும் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த கையோடு, மதுரைக்கு வந்து வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, அவ ஒன் பேச்சத்தான் கேப்பா என்றும் சொன்னான். அவள் என்றால் அபிராமி, அவனுடைய ஒரே மகள், திங்கட்கிழமை காலையில் மதுரையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் இன்பராஜ் என்கிற பையனோடு கையெழுத்துப் போடப் போகிறவள். நம்ம ஆளு இல்ல என்பதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் எதுவும் சொல்லி மரகதம் கேட்டதில்லை. அவள் பிராணியைக் கவிழ்த்து ஒரு பீக்கரின் வாய்மேல் வைத்தாள், கொஞ்ச நேரத்தில் ஊசி மருந்தின் வேகத்தில் அடியிலிருந்து மஞ்சள் நிறத்தில் முட்டை நூல் நூலாக இறங்க ஆரம்பித்தது. பெண். வெளியிலிருந்து பார்த்து ஆண் எது பெண் எது என்று சொல்ல முடியாது, மஞ்சளாக இறங்கினால் பெண், பால் மாதிரி விந்து கசிந்தால் ஆண். அடுத்ததற்கு ஊசியை எடுத்தாள்.

முட்டைகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தனை வருஷமானாலும் அலுக்காத ஒன்று, அவசரமே இல்லாமல் இறங்கும், பீக்கரின் அடியில் மெல்லிய படலமாகப் படியும், ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூழ் இருக்கிறது என்பது ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுப் படிவதிலிருந்தே தெரிந்துவிடும். இதைத்தான் அந்த வீடியோவில் சொன்னாள். ராமநாதபுரத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சேனல், அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தார்கள், அவளுக்கும் ஆசையாக இருந்தது. கடலில் முள்ளெலிகள் முட்டையையும் விந்தணுவையும் தண்ணீரில் விட்டுவிடுகின்றன, அத்தனை பெரிய தண்ணீரில் எத்தனையோ பிராணிகள் விட்டதெல்லாம் கலந்து கிடக்கிறது, அதில் எது எதைச் சேர வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று ஆரம்பித்து, முட்டையைச் சுற்றியுள்ள கூழைத் தொட்டவுடன் விந்தணுவின் நுனி உடைந்து ஒரு இழை நீளும், அந்த இழையின் மேல் பசை போல ஒரு புரதம் பூசியிருக்கும், முட்டையின் உறை அந்தப் புரதத்துக்கு இடம் கொடுத்தால்தான் ஒட்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். சிற்றினம் என்றுதான் முதலில் சொன்னாள். ஒரு சிற்றினத்தின் முட்டையில் இன்னொரு சிற்றினத்தின் விந்தணு ஒட்டாது என்று. கேமரா பிடித்த பையன் கையைத் தூக்கினான், மேடம், சிற்றினம்னா கேக்கிறவங்களுக்குப் புரியாது, இனம்னே சொல்லிருங்களேன் என்றான். அவளும் சொன்னாள். ஒரு இனத்தின் முட்டையில் வேறு இனத்தின் விந்தணு ஒட்டாது, கிட்டே வரும், மோதும், சுற்றிச் சுற்றி வரும், ஆனால் ஒட்டாது. நன்றாகத்தான் வந்தது, சொல்லி முடித்தபோது அவளுக்கே திருப்தியாக இருந்தது. சிற் என்று ஒரு துண்டு. வாயிலிருந்து விழுந்து எங்கேயோ மணலில் போய்விட்ட ஒரு துண்டு. சொக்கலிங்கம் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான், மேலே அவன் கைப்பட ஒரு வரி: கடலுக்குள்ளேயே கலப்பு கிடையாது, விஞ்ஞானி ஆன என் அக்கா சொல்கிறாள், கேளுங்கள். பெரியப்பா வீட்டு அண்ணன் ஒரு கும்பிடு போட்டார். அதன்பின் வரிசையாகக் கும்பிடு. காரைக்குடிச் சித்தி, நம்ம பெரியவங்க சும்மாவா வச்சிருக்காங்க என்று எழுதினாள். விந்தணு என்ற சொல்லைத் தம்பியின் முன்னால் மரகதம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எங்க ஆராய்ச்சி எங்க ஆராய்ச்சி என்றே சொல்லிச் சமாளித்திருக்கிறாள், அதை அவனே சித்தி சித்தப்பா காதுவரை கொண்டுபோய் விட்டிருக்கிறான் என்றால் அந்தக் கூச்சத்தை விடுமளவுக்கு அவனுக்கு என்ன வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் யோசித்ததெல்லாம் அபிராமியை. அதற்கு முந்தைய வாரம்தான் அபிராமி போன் செய்திருந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட நம்ம வீட்டுப் பக்கம் ஒருத்தராவது வேணும்னு எனக்கு ஆசை அத்தை, நீங்க வர்றீங்களா என்று. வர்றேன்டி என்றாள் மரகதம், ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. வீடியோ குழுவில் வந்த ராத்திரி அபிராமியிடமிருந்து ஒரு வரி வந்தது. பரவால்ல அத்தை, ஃபிரண்ட்ஸ வச்சுப் பாத்துக்கறோம்.

பரவால்ல. அந்தச் சொல்லை எடுத்து எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கோபம் தென்படவில்லை, கோபம் இருந்திருந்தால் மரகதம் பதில் எழுதியிருப்பாள். அன்றைக்கு ராத்திரி போனை எடுத்து எழுதினாள், அழித்தாள், நான் சொன்னது அது இல்லை என்று எழுதி, பிறகு எது என்று கேட்டால் என்ன சொல்வது என்று அழித்தாள். சொன்னதில் பொய் இல்லையே. இதோ இப்போது நீள முள் உள்ள கறுப்புச் சிற்றினத்தின் முட்டையை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விட்டு, குட்டை முள்ளில் பச்சை வரி ஓடுகிற இன்னொரு சிற்றினத்தின் பாலை மிகவும் நீர்க்கக் கலக்கி அதன்மேல் விட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் அவள் சொன்னதேதான் நடந்துகொண்டிருக்கிறது. விந்தணுக்கள் வந்தன. மழை நேரத்தில் விளக்கைச் சுற்றும் பூச்சிகள் மாதிரி முட்டையைச் சுற்றிப் பறந்தன, கூழுக்குள் புகுந்தன, சில உறையைத் தொட்டுக்கொண்டே வாலை ஆட்டின, ஒன்றும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயின. முட்டை எந்தச் சலனமும் இல்லாமல் ஒரு உருண்டை நிலா மாதிரி இருந்தது. இந்த இரண்டும் ஒரே பாறையில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரே பாசியைத் தின்று வாழ்கிறவை. பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு என்றுகூட ஒரு கருத்து உண்டு. ஒத்த பிராணி வேறொன்று பக்கத்தில் இல்லாத தூரத்துத் தீவுகளில் இருக்கிறவை இவ்வளவு பார்ப்பதில்லை, யார் வந்தாலும் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு, முட்டையை அப்படியே பீக்கரில் பல மணிநேரம் வைத்திருந்தால், யாரும் வராமல் காத்திருந்தே பழசானால், அப்போதும் பிடிவாதம் தளர்ந்துபோகும். அதைப் படிக்கிற வயதில் சாதாரணமாகப் படித்துவிட்டாள், முப்பதைத் தாண்டி மறுபடி படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். சொன்னதில் பொய் இல்லை, அதுதான் சிக்கல், பொய்யாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒரு துண்டுதான் விழுந்தது. சிற்றினம் என்றால் கறுப்பு முள்ளும் பச்சை வரியும். மனுஷர் எல்லாரும் சேர்ந்தே ஒரு சிற்றினம். அபிராமியும் அந்தப் பையனும் ஒரு சிற்றினம், சொக்கலிங்கமும் கடைத்தெருவில் யார் பக்கத்தில் நிற்க அவன் கூசுகிறானோ அந்த ஆளும் ஒரு சிற்றினம். அந்தத் துண்டு விழுந்ததும் மிச்சம் நின்ற சொல்லோ ஊரில் எல்லார் வாயிலும் இருக்கிற சொல், நம்ம இனம், நம்ம சனம், கல்யாணப் பத்திரிகையிலும் தேர்தல் சுவரொட்டியிலும் இருக்கிற சொல். இதைப் போய் இலக்கணத் திருத்தம் மாதிரி எழுதினால் சின்னத்தனமாக இருக்கும் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அக்கா, இன்னும் நேரமாகுமா என்று கேட்டான் சொக்கலிங்கம். ஆகும் என்றாள் கண்ணை எடுக்காமல். ஒட்டவில்லை, இருநூறு முட்டையில் ஒன்றில்கூட இல்லை என்று எழுதிக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கறுப்பின் முட்டையையும் கறுப்பின் பாலையும் சேர்த்து வைத்த கிண்ணத்தில் எல்லாம் ஒட்டியிருந்தன.

தணிகாசலத்துக்கும் அவளுக்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது. அந்தக் காலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த சொக்கலிங்கம்தான் சைக்கிளில் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். ரஜ்ஜு, வேதை, ஒன்றுவிடாமல் பொருத்தம், ஒன்றுவிட்ட உறவுகூட வரும், சைவம், படிப்பு, மின்வாரியத்தில் வேலை, இதற்குமேல் என்ன வேண்டும் என்று அம்மா மாலையில் கற்பூரம் காட்டினாள். சண்டை என்று ஒருநாளும் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், அடித்தாரா, குடித்தாரா, வேறு யாராவது உண்டா என்று கேட்பார்கள், ஒன்றும் இல்லை. அறையைவிட்டு வெளியே போகும்போது மின்விசிறியை அணைத்துவிட்டுப் போவார். அவள் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். வேண்டுமென்று செய்வதல்ல, அவள் அங்கே இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்காது, மின்சாரம் வீணாகக் கூடாது என்ற நல்ல பழக்கம்தான். விசிறி நின்று, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்வரை அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள், பிறகு எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வாள். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் இங்க இருக்கேன் என்று ஒரே ஒருமுறை சத்தமாகச் சொல்லியிருந்தால் ஐயோ பார்க்கலையே என்று பதறியிருப்பார், பதறக்கூடியவர்தான். அவளும் சொல்லவில்லையே. அவர் மேட்டூருக்கு மாற்றலாகிப் போனார், வாரம் ஒருமுறை வந்தார், மாதம் ஒருமுறை, பிறகு தீபாவளிக்குப் பொங்கலுக்கு, பிறகு ஒரு பொங்கலுக்கு வரவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்காததை அவரும் கவனித்திருக்கமாட்டார். இப்போது கோயம்புத்தூரில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார், இன்னும் அவள் கணவர்தான். பொருந்துவது வேறு, ஒட்டுவது வேறு, என்று நினைத்தாள், நினைத்த உடனே இதென்ன மேடைப் பேச்சு மாதிரி என்று கூச்சமாக இருந்தது. அவள் மண்டபத்துக்கு வந்து வீடெடுத்தபோது ஒரு சின்ன வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவன் சொக்கலிங்கம்தான். ஏன் இங்கே தனியாக வருகிறாய், மாமா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் ஆணியடித்து அலமாரி மாட்டினான், ஆணி இறங்காத இடத்தில் மரத்துண்டு வைத்து இறக்கினான், கடைக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர், விளக்குமாறு, கொடிக்கயிறு என்று வாங்கி வந்தான், பொழுது சாயும்போது பின்கட்டுக் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு அழுதான் என்று அவளுக்குத் தெரியும், கண் சிவந்திருந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். என்னக்கா சாப்பிட்ட. இவ்வளவுதான் கேட்பான். இவ்வளவையும் கேட்க வேறு ஆள் இல்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும், காலையில் காப்பியைக் குடித்துவிட்டு மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வெயில் ஏறும், பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்கும், அதற்குமேல் நினைத்துப் பார்க்க வேண்டாம் என்று சொட்டுக் குழலைக் கழுவப் போனாள். தண்ணீர் விரலில் பட்டபோதுதான் புரிந்தது, பதில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் இலக்கணம் இல்லை. பயம். அதுவும் இவ்வளவு சின்ன, ஒரு போன் அழைப்பு அளவுக்குச் சின்னப் பயம்.

அப்போதுதான் சொக்கலிங்கம் எழுந்து வந்து, அதத்தான் பாக்கறியா, நானும் பாக்கவா என்றான். உட்காரச் சொல்லி, கண்ணை ரொம்ப ஒட்ட வைக்காதே என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் குனிந்தான். ஐம்பதை நெருங்குகிறவன், பின்னங்கழுத்தில் முடி வெட்டிய இடத்தில் நரை தெரிந்தது, வங்கி மேலாளர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். கறுப்பா கோடு கோடாத் தெரியுது, இதுதானா என்றான். அது ஒன் கண் இமை மயிருடா என்றாள். அவன் விலகி, திரும்பக் குனிந்து, திரும்பவும் இமையைத்தான் பார்த்தான். இதில் அவன் என்ன பார்க்க வேண்டும் என்று அவள் நினைத்தாளோ அதை அவன் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஒருவேளை கறுப்பு முள்ளின் முட்டையையும் கறுப்பு முள்ளின் பாலையும் சேர்த்துக் காட்டலாம், தொட்ட உடனே ஒட்டுவதையும், ஒட்டிய இடத்திலிருந்து உறை ஒரு கொப்புளம் போல எழும்பி முட்டையைச் சுற்றி மூடிக்கொள்வதையும் காட்டி, இதுல ஒண்ணு பாம்பன் பக்கம் எடுத்தது, ஒண்ணு குளச்சல்லேருந்து வந்தது, ஊர் வேற கடல் வேற, ஒட்டுது பாத்தியா என்று கேட்கலாம். கேட்டால் தலையாட்டுவான். முள்ளெலி ஒட்டினால் இவன் மகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பானா, ஒட்டாவிட்டால் அவள் விட்டுவிடுவாளா. இத்தனை நாளும் தான் பதில் சொல்ல வேண்டியது அறிவியலுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அறிவியல் பாட்டுக்குத் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருக்கிறது, அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏன்டா அந்த வீடியோவ வெட்டிப் போட்ட என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவன் நுண்ணோக்கியின் திருகை விரலால் தடவிக்கொண்டே இருந்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் மனைவியின் தம்பி குமரகுரு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான், காப்பி குடித்திருக்கிறான், நீங்க பேசி முடிச்சிருங்க அத்தான், இல்லேன்னா நாங்க பேசுற விதமாப் பேசிக்கறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து ராத்திரியில் வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் சொக்கலிங்கத்துக்குத் தூக்கம் போய்விடுகிறது. அபிராமி வேலைக்குப் போய் வருகிற பஸ்ஸின் பின்னாலேயே அவள் அறியாமல் காரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"ஒன் வீடியோவப் பாத்தா அவளே மனசு மாறி விட்ருவான்னு நெனச்சேன். யாரும் கை வைக்காம முடிஞ்சிரும்னு. எனக்கு அவ உசுரோட இருந்தாப் போதும்க்கா" என்றான் சொக்கலிங்கம்.

அவள் பக்கத்தில் இருந்த இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பம்பு ஊதிக்கொண்டிருந்தது. இவனைப் பற்றி எவ்வளவு மோசமாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று ஒரு பக்கம் தோன்றியது, இவன் பயப்படுகிறான் என்பதால் இவன் சொல்வது சரியாகிவிடுமா என்று ஒரு பக்கம், இரண்டும் மோதிக்கொள்ளாமல் அருகருகே நின்றன. குமரகுருவைச் சின்னப் பையனாக அவளுக்குத் தெரியும், கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டு ஓடிய பையன், அவன் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய்ய முடியவில்லை, முடியாததுதான் இன்னும் பயமாக இருந்தது, பேப்பரில் வருகிறவர்களையும் யாராவது ஒருத்தி இப்படிப் பாயச வாளியோடுதான் பார்த்திருப்பாள். அபிராமி விட்டுவிட்டால் பயம் போய்விடுமா. அவள் விட்ட பிறகும் இவன் பஸ்ஸின் பின்னால் போவான். இன்னொரு இடத்தில், பத்துப் பொருத்தமும் பார்த்த ஒரு வீட்டில், அபிராமி ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பாள், யாரோ ஒருவர் விசிறியை அணைத்துவிட்டுப் போவார், அங்கே யார் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போவது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் சைக்கிளில் ஜாதகம் கொண்டுபோனது ஞாபகம் வந்து உடைந்துபோவான், அது அவனை அடிப்பதற்கு நல்ல கல், கையில் எடுத்தால் எறியாமல் இருக்க முடியாது. வேறு சொன்னாள். கையெழுத்துக்கு நாலு ஃபிரண்டு மட்டும் நின்றால் குமரகுருவுக்கு அது வழிமறிக்கிற இடம், பெத்த அப்பன் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு நின்றால் அது கல்யாணம் நடக்கிற இடம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். போலீஸிலும் முதலில் சொல்லி வைக்க வேண்டும், அதையும் அப்பனே போய்ச் சொன்னால்தான் காதில் விழும் என்றாள். கடைசியாக,

"மதுரைக்கு ஒன் கார்லயே வர்றேன். ஆனா அவளத் தடுக்க வரல, சாட்சிக் கையெழுத்துப் போட வர்றேன். அதத் தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போறதுன்னாக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சொக்கலிங்கம் எழுந்தான். சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, முக்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, கதவை அடித்துச் சாத்தாமல் சாத்திவிட்டு வெளியே போனான். சின்ன வயதிலிருந்து கோபம் வந்தால் இப்படித்தான், ரொம்ப ஒழுங்காக நடந்துகொள்வான். மரகதம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். கார் கிளம்பும் சத்தம் இப்போது வரும் என்று நினைத்த இடத்தில் வரவில்லை, அதற்கு அடுத்த இடத்திலும் வரவில்லை, ஆனால் இந்தப் பம்புச் சத்தத்தில் கேட்காமலும் போயிருக்கலாம். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு எழுதினால் எழுதுவது வேறாகிவிடும் என்று தோன்றியது, கார் நின்றால் ஒரு மாதிரி எழுதுவாள், போய்விட்டிருந்தால் ஒரு மாதிரி எழுதுவாள். ஜன்னலுக்குப் போகாமல் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். குடும்பக் குழுவைத் திறந்தாள், கும்பிடுகளையெல்லாம் தாண்டிக் கீழே வந்தாள். வீடியோவில் இனம் என்று நான் சொன்னது தவறு, சிற்றினம் என்று சொல்லியிருக்க வேண்டும், கடலில் அது வெவ்வேறு பிராணிகளைக் குறிக்கும், மனிதர் எல்லோரும் ஒன்றேதான், அதில் உட்பிரிவு கிடையாது என்று எழுதினாள். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். அதற்குக் கீழே, திங்கட்கிழமை அபிராமி கல்யாணத்துக்கு நான் சாட்சி, வர முடிந்தவர்கள் வாருங்கள் என்று எழுதி, அழிக்க விரல் போவதற்கு முன்னால் அனுப்பிவிட்டாள். பார்த்துவிட்டதற்கான நீலக் குறிகள் விழ ஆரம்பித்தன, யாரும் கும்பிடவில்லை. வீடியோ வந்த அந்த ராத்திரியே அபிராமி குழுவைவிட்டுப் போயிருந்தாள், அவளுக்கு இது தெரியாது. அவளுக்குத் தனியாக எழுதலாம் என்று திறந்து, பரவால்ல என்ற சொல்லைப் பார்த்ததும் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டாள். கலப்பு வைத்த தகட்டைக் கழுவி ஊற்றினாள். ஒட்டியவை இருந்த கிண்ணத்தில் முதல் பிளவு விழுந்திருந்தது, ஒன்று இரண்டாகியிருந்தது, குறித்துக்கொண்டு மூடியை வைத்தாள். மிச்சப் பிராணிகளைத் தொட்டியில் விட்டாள், அவை தொட்டியின் மூலைகளைப் பார்த்து மெதுவாக நகர்ந்தன. பீக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள், அதையே இன்னொரு முறை கழுவினாள்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்து மணலெல்லாம் மஞ்சளாக இருந்தது. கார் வேப்பமரத்தடியிலேயே நின்றது. சொக்கலிங்கம் உள்ளே ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான், போன் பக்கத்து இருக்கையில் கிடந்தது, அவளைக் கண்டதும் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இடம் விட்டான். அவள் ஏறினாள். மாற்றுப்புடவை எடுக்க வீட்டில் ஒருமுறை நிறுத்த வேண்டும் என்றாள், சரி என்றான். நிறுத்தினான், இறங்கவில்லை. உச்சிப்புளி தாண்டியது, ராமநாதபுரம் தாண்டியது, கருவேலங்காட்டுக்கு நடுவே ரோடு நேராகக் கிடந்தது, அவன் ரேடியோவைப் போட்டு உடனே அணைத்தான். அவள் எழுதியதை அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்கு நிச்சயம், பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வந்தான் என்பது தெரியவில்லை, மதுரை போனதும் வாசலில் இறக்கிவிட்டு அக்கா இனிமே நீ வராதே என்று சொல்லவும் கூடும், அதையும் இதே நிதானத்தோடு சொல்லுவான். அவள் அதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளப் பார்த்தாள். தயாராக முடியவில்லை, ஆனால் திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றவில்லை. பரமக்குடி விளக்குகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்தபோது சொக்கலிங்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா?"

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அந்தப் பையனுக்காகத் தனக்குள்ளேயே அவ்வளவு வாதாடியிருக்கிறாள், அவனுக்குச் சிற்றினம் கொடுத்திருக்கிறாள், அம்மா உண்டா இல்லையா என்று அபிராமியிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெரியலடா, கேக்கிறேன் என்று சொல்லிப் போனை எடுத்து, எழுதாமல் நேரே கூப்பிட்டாள். மணி போனது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் காருக்குள் அடித்துக் கடந்து போனது, மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாள் என்று அவள் போனைக் காதிலிருந்து இறக்கப் போனபோது, சொல்லுங்க அத்தை என்றது அபிராமியின் குரல், தூரத்திலிருந்து, மரியாதையாக.

"அபி, இன்பராஜுக்கு அம்மா இருக்காங்களாடி?" என்றாள் மரகதம். "நான் கேக்கல. ஒங்கப்பா கேக்கிறான்."